ஆறாவது ரிசீவரை வெட்டிய ஞாயிறு

ஆறாவது ஆளை வெட்டச் சொல்லி நான் தீர்ப்புச் சொன்னபோது என் வாயில் பாதிக் கட்லட் இருந்தது. மென்றுகொண்டேதான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது இதுதான். ஒரு மனிதன் எழுந்து நின்று இருபது நிமிடம் பேசியிருக்கிறான். அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதற்கு முன் நான் வாயில் இருந்ததைக்கூட விழுங்கவில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் அமெரிக்க ஃபுட்போல் பார்க்கிறவர்கள். மெல்பேர்னில் இருக்கிற தமிழன் கிரிக்கெட் பார்ப்பான், இந்த ஊர் ஃபுட்போல் பார்ப்பான், இதை ஏன் பார்க்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். காரணம் எளிது. வள்ளத்தில் வந்த எங்களைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தபோது பொது அறைத் தொலைக்காட்சியில் திங்கட்கிழமைக் காலைகளில் அதுதான் ஓடியது. இளம் வயதில் அதை விளையாடியிருந்த ஒரு காவலாளி, சீனிப் பைக்கற்றுகளை மேசையில் அடுக்கி எங்களுக்கு விளக்கினார். அன்றைக்குக் கேவலமாகத் தோற்ற அணியை எங்கள் அணியாக எடுத்துக்கொண்டோம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த விளையாட்டில் ஒருவன் பந்தை எறிவான். அதை ஓடிப்போய்ப் பிடிக்கிறவனுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். ஓகஸ்ட் மாதம் முழுக்கத் தொண்ணூறு பேரை வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். மாதக் கடைசியில் ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வெட்டிவிடுவார்கள். ரிசீவர்களில் ஐந்து பேர் தப்புவார்கள். பயிற்சியாளருக்கு மனம் வந்தால் ஆறு. வெட்டியவர்களில் சிலரைப் பயிற்சி அணி என்று பக்கத்தில் வைத்திருப்பார்கள். அவர்கள் கிழமை முழுக்க மற்றவர்களோடு ஓட வேண்டும், விழ வேண்டும், எழும்ப வேண்டும். போட்டி நாளில் அவர்களுக்கு இடம் இல்லை. எந்த நாளும் கூப்பிட்டு, போ என்று சொல்லலாம். முடிவு வரும்வரை மட்டும் இருக்கத் தருகிற பிரிட்ஜிங் விசா என்றால் என்ன என்பதை எங்களுக்கு இதைவிடத் தெளிவாக எந்த லோயரும் விளக்கியதில்லை.

முகாமால் வெளியே வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம், ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசி ஞாயிறு பெரிய கூட்டம் வைப்போம். யாரை வைத்திருப்பது, யாரை வெட்டுவது என்பதுதான் பேச்சு. இடம், நோபல் பார்க்கில் டைல் பதிக்கிற வேலை செய்கிற, எங்களோடு முகாமில் இருந்த ஒருவனுடைய கராஜ். உலகத்தில் எத்தனையோ ரசிகர்கள் இதைப் பற்றிக் கத்திச் சண்டை பிடிப்பார்கள். நாங்கள் வழக்கு நடத்துவோம்.

அது எப்படித் தொடங்கியது என்றால், முதல் வருடம் எங்கள் எல்லோருக்கும் விசாரணைத் திகதி வந்திருந்தது. அகதிக் கோரிக்கையை விசாரிக்கிறவர் முன் போய் உட்கார்ந்து, என் கதை உண்மை, என்னை அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். பயத்தில் ஒருவனுக்கும் நித்திரை இல்லை. பழகிப் பார்ப்போம் என்று டைல்காரன்தான் சொன்னான். ஆளுக்கொரு ரிசீவரை எடுத்துக்கொண்டு எழும்பி நின்று அவனுக்காக வாதாட வேண்டும். கதிரையில் இருக்கிறவன் விசாரணை அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்பான். முழங்கால் நோவு இருந்ததை முதல் நேர்காணலில் ஏன் சொல்லவில்லை? போன வருடம் பிடித்த பந்துகள் ஒன்பது என்று ஒரு இடத்திலும் பத்து என்று இன்னொரு இடத்திலும் இருக்கிறதே, எது பொய்? வேறொரு அணியில் போய்ப் பாதுகாப்பாக விளையாடலாம்தானே? நாங்கள் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். முகாமில் இருந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு விளங்கும்.

அப்போது அந்தக் கராஜில் ஒரேயொரு கதிரைதான். குப்பைக்காக யாரோ வீதியோரத்தில் போட்டிருந்ததைத் தூக்கி வந்தது. மற்றவர்கள் பால் போத்தல் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருப்போம். பிறகு டைல்காரனுக்கு நிரந்தர விசா கிடைத்தது. அன்றைக்கு அவன் அந்தப் பழசை எறிந்துவிட்டுத் தனக்கென்று ஒரு கதிரை வாங்கிக்கொண்டு வந்தான். அதுவே சட்டமாகிவிட்டது. விசா கிடைத்தவன் கதிரை கொண்டுவருவான், கதிரையில் இருந்து கேள்வி கேட்பான். கிடைக்காதவன் கிரேட்டில் இருப்பான், எழும்பி வாதாடுவான். அவனுக்குத்தானே பழக்கம் வேண்டும். இரண்டு பேர் விசா கிடைத்துச் சிட்னிக்குப் போனார்கள், தங்கள் கதிரைகளையும் கொண்டுபோனார்கள். எனக்கு மூன்று வருடத்துக்கு முன் கிடைத்தது. கைவைத்த கதிரை, கறுப்பு, சாயலாம். பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் பிறகு சேர்ந்தார். விமானத்தில், ஒழுங்கான விசாவோடு வந்தவர். முதல் நாளே காரிலிருந்து மடக்குக் கதிரை ஒன்றை எடுத்து விரித்துப்போட்டு இருந்துவிட்டார். அவருக்கு எங்கள் சட்டம் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

ஆகக் கடைசியில் கணக்கு இப்படி வந்து நின்றது. மூன்று கதிரை. ஒரு கிரேட்.

கிரேட்டில் இருந்தவன் என் கூட்டாளி. முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில். டண்டினொங்கில் ஒரு மரக்கறிக் குளிர்க்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்கு விசாரணையில் இல்லை என்று சொன்னார்கள், கோர்ட்டிலும் இல்லை என்று சொன்னார்கள். பதின்மூன்று வருடமாக பிரிட்ஜிங் விசா. ஆனால் வாதாடுவதில் எங்கள் எல்லோரையும்விட அவன்தான் கெட்டிக்காரன். மூன்று வருடமாக ஆறு ரிசீவர்களுக்கும் அவனே எழும்பி எழும்பி வாதாடினான். நாங்கள் மூன்று பேரும் சாய்ந்திருந்து கேள்வி கேட்டோம். அவனுக்கு அது விருப்பம் என்று நினைத்தோம். உண்மையில் நினைக்கவே இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிறு மழை. கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டிருந்தோம். கூட்டாளி நீல நிற ஃபைல் ஒன்றோடு வந்தான். ஒவ்வொரு வருடமும் கொண்டுவருகிற ஃபைல்தான். வந்ததும் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான், முதலில் வழக்கைத் தொடங்கு என்றேன். சரி என்று ஃபைலைத் திறந்தான்.

முதல் நான்கு பேரில் பிரச்சினை இல்லை. அவர்கள் நட்சத்திரங்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாவது ஆள் இளம் பெடியன், காற்று மாதிரி ஓடுவான், ஆனால் கைக்கு வந்த பந்தை நழுவவிடுவான். கிளேட்டன்காரர் மடிக்கணினியைத் திறந்து வேகம், உயரம், பாய்ச்சல் எல்லாம் வாசித்தார். வைத்திருப்போம் என்று முடிவாயிற்று.

ஆறாவது ஆள்தான் சிக்கல். வயது முப்பத்தொன்று. முன்பு இரண்டு வருடம் பயிற்சி அணியில் கிடந்தவன். ஒரு வருடத்தில் அவன் பிடித்த பந்துகளை இரண்டு கை விரல்களில் எண்ணலாம். இணையத்தில் அந்த அணியின் ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் ஆறு கிழமையாக அவனைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் எழுதினேன். பஸ் ஓட்டுகிறவன் நான். இடைவேளையில் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் எழுதுவேன்.

கூட்டாளி எழும்பி நின்றான். முன்னும் பின்னுமாக நிறைய எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்திருந்தான், ஆனால் பார்க்கவில்லை. பந்து பிடிப்பது மட்டும்தான் ரிசீவருடைய வேலை என்று யார் சொன்னது என்று தொடங்கினான். போன வருடம் நடந்த ஒரு போட்டியை எடுத்தான். அதில் அணி வென்றது, பந்தைப் பிடித்தவனை எல்லோரும் தோளில் தூக்கினார்கள். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், மற்றப் பக்க ஓரத்தில் ஒருவன் உயிரைக் கொடுத்து ஓடுகிறான், அது இவன்தான் என்றான். அவனுக்குப் பந்து வராது. வராது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் எதிரணியில் இரண்டு பேர் அவனைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். அந்த இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதால்தான் இந்தப் பக்கம் மற்றவன் தனியாக நின்று பந்தைப் பிடித்தான். கணக்குப் புத்தகத்தில் இந்த ஓட்டத்துக்கு இடம் இல்லை. ரிசீவர் நிற்கிற மூன்று இடமும் அவனுக்குத் தெரியும், யாருக்குக் காயம் பட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்பான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இப்படி இருபது நிமிடம்.

நான் என் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, விசாரணை அதிகாரியின் குரலில் கேட்டேன்.

“இவர் வேறொரு அணியிலை போய்ப் பாதுகாப்பாய் விளையாடலாம்தானே?”

“அந்த அணிக்கு இவனைத் தெரியாது, சேர். இந்த அணிக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் இவ்வளவு காலமாய் வைச்சிருக்கேல்லை?”

டைல்காரன் கையைத் தட்டிச் சிரித்தான். கேள்வி அவ்வளவு கச்சிதம். கூட்டாளி ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். நான் தட்டில் இருந்து கட்லட்டை எடுத்தேன். மீதி உங்களுக்குத் தெரியும். மூன்று கதிரையும் ஒரே தீர்ப்பு. வெட்டு.

அந்த நேரம் டைல்காரனின் மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்தா. குசினிக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரு கதவுதான், நாங்கள் பேசுவதெல்லாம் அவவுக்குக் கேட்கும். தட்டை வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டா.

“நீங்கள் மூண்டு பேரும் கடிதம் குடுத்தாச்சோ? நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு லோயரிட்டைக் குடுக்கவேணுமெல்லே.”

டைல்காரன் குனிந்து ஹீட்டரைத் திருகினான்.

கடிதம் என்றால் இதுதான். எல்லா வாசலும் மூடினபிறகு கூட்டாளிக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். குடிவரவு அமைச்சர் நேரே தலையிட்டு இவனை இங்கே இருக்கவிட வேண்டும் என்று கேட்கிற விண்ணப்பம். அதோடு, இவனை நன்றாகத் தெரிந்த, இங்கே ஒழுங்கான விசாவோடு இருக்கிறவர்களின் கடிதங்கள் வேண்டும். ஆறு கிழமைக்கு முன் அதே கராஜில் வைத்து எங்களிடம் கேட்டான். ஒரு பக்கம் போதும், இவன் யார் என்று எழுதித் தாருங்கள் என்றான். நாங்கள் ஓம் ஓம் என்றோம். அவன் இரண்டாந்தரம் கேட்கவில்லை. அவன் இரண்டாந்தரம் கேட்கிற ஆள் இல்லை.

நான் எழுதவில்லை. என் ஆங்கிலம் மோசம், மகளைக்கொண்டு எழுதுவிப்போம் என்று நினைத்தேன். பிறகு மகளுக்குச் சோதனை வந்தது. பிறகு மறந்துபோனேன். இதுதான் என் நியாயம். அதே ஆறு கிழமையில், அதே மோசமான ஆங்கிலத்தில், என்னை யாரென்றே தெரியாத ஒரு அமெரிக்கக்காரனைப் பற்றி நான் எழுதியவற்றைச் சேர்த்து அடித்தால் ஒரு சின்னப் புத்தகம் வரும். இது அந்த இடத்தில், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது எனக்கு உறைத்தது. கோப்பையைத் திரும்ப வைத்தேன்.

டைல்காரன் எழுதவில்லை. கிளேட்டன்காரரும் எழுதவில்லை. “நான் அடுத்த வாரம்னு நினைச்சேன் அண்ணே” என்றார், யாரையும் பார்க்காமல். டைல்காரனின் மனைவி எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தா. தான் இரண்டாம் கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னா. இது அவவின் கணவனுக்கே தெரியாது.

கூட்டாளிதான் அவசரமாகப் பேசினான். எங்களைக் காப்பாற்றுவதற்காக. ஒன்றும் பிரச்சினை இல்லை, எல்லோருக்கும் வேலை, தெரியும், நானே அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போட்டால் காணும் என்றான். ரிசீவர்களின் தாள்களுக்கு அடியில் இருந்து மூன்று கடிதங்களை எடுத்தான். வந்த உடனேயே தர நினைத்தானாம். வழக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, குழப்ப மனம் வரவில்லையாம்.

என்னுடையதை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஐந்து வரி. இவரை எனக்குப் பதின்மூன்று வருடமாகத் தெரியும். இவர் நல்லவர். வேலைக்கு நேரத்துக்குப் போவார். யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. இவருக்கு அனுமதி தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. மற்ற இரண்டும் அதேதான், பெயர்தான் வேறு.

மேசையில் அந்த ஆறாவது ரிசீவரின் தாள் கிடந்தது. முன்னும் பின்னும் நெருக்கி எழுதியது. அதற்குப் பக்கத்தில் இந்த ஐந்து வரி.

எனக்குக் கோபம் வந்தால் யார்மீது வருகிறது என்று பார்க்கத் தெரியாது. அவன்மீது பாய்ந்தேன். இது என்ன கடிதம், ஒரு அமெரிக்கனுக்காக இருபது நிமிடம் கதைக்கத் தெரிந்த உனக்கு உன்னைப் பற்றி எழுத ஐந்து வரிதானா, வேலைக்கு நேரத்துக்குப் போகிறவனை வைத்திருங்கள் என்று எந்த அமைச்சர் கையெழுத்துப் போடுவார் என்று கத்தினேன். விசர், மடையன் என்றெல்லாம் சொன்னேன். அவன் முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றான். குரலை உயர்த்தவே இல்லை.

“என்னைப் பற்றி நான் சொன்னதை இந்த நாட்டிலை ஒருத்தரும் நம்பேல்லை மச்சான். மூண்டு இடத்திலை சொன்னனான். அவனைப் பற்றிச் சொன்னால் நீங்களாவது இருந்து கேக்கிறீங்கள்.”

அப்போதுதான் அந்தக் கராஜைப் பார்த்தேன். மூன்று கதிரை, ஒரு கிரேட். கிரேட்டில் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட ஒரு பழைய தலையணை. அது அங்கேயே கிடந்து கிடந்து ஊத்தை பிடித்திருந்தது.

ஐந்து வரிக் கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதுவோம் என்றேன். கிளேட்டன்காரர் மடிக்கணினியில் இருந்த ரிசீவர் கணக்குகளை மூடிவிட்டு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். சொல்லுங்க அண்ணே என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறாவது ரிசீவரின் தகப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஜூன் மாதம் இரண்டாவது பிள்ளை பிறந்தது தெரியும். எந்தக் காலில் எந்த வருடம் சத்திரசிகிச்சை என்று தெரியும். என் கூட்டாளிக்கு ஊரில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு என்ன வயது? எத்தனையாம் வகுப்பு? எனக்குத் தெரியாது. அவன் குளிர்க்களஞ்சியத்தில் எத்தனை வருடம்? தெரியாது. பதின்மூன்று வருடம் கூட இருந்திருக்கிறேன்.

சரி, அவனையே கேட்போம் என்று அவன் பக்கம் திரும்பினேன். எந்த வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேட்டேன். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கதிரையில் இருந்தபடி, முன்னுக்குச் சாய்ந்து, அதே குரலில் கேட்டிருக்கிறேன். வேறு குரல் எனக்கு அந்தக் கராஜில் இல்லாமல் போயிருந்தது. அவன் கிரேட்டில் நிமிர்ந்து இருந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்தான்.

“ஓம் சேர்” என்றான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்த நேரம் கராஜில் இல்லை, விசாரணை அறையில் இருந்தான். ஒரு விநாடிதான். உடனே தானே உணர்ந்து, சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன்.

டைல்காரனின் மனைவிதான் முடிவெடுத்தா. வெங்காயம் வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அவனைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனா. போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னா: “அண்ணை, விசாரிக்கிற மாதிரிக் கேட்டால் அவர் வேலைக்கு நேரத்துக்குப் போறவர் எண்டுதான் சொல்லுவார். நீங்கள் கண்டதை எழுதுங்கோ.”

கண்டதை.

பிறகு டைல்காரன் தொடங்கினான். சில வருடத்துக்கு முன் அவன் வேலை இடத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். எடுத்த வேலையை முடிக்காவிட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நிலை. கூட்டாளி விடியற்காலைக் குளிர்க்களஞ்சிய வேலை முடிந்து நேரே அங்கே வந்து, ஆறு கிழமை சீமெந்துப் பை சுமந்து, டைல் வெட்டி, இவன் கதிரையில் இருந்து காட்டக் காட்டப் பதித்துக் கொடுத்திருக்கிறான். எனக்கு இது தெரியாது. நான் அப்போது அவனை, ஏன்டா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாய் இல்லை, பெரிய மனிதனாகிவிட்டாயோ என்று நக்கல் அடித்தது ஞாபகம் வந்தது.

கிளேட்டன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். படிப்பின் நடுவில் அவரை அறையிலிருந்து எழுப்பிவிட்டார்களாம். இரண்டு மாதம் கூட்டாளியின் அறையில் இருந்திருக்கிறார். ஒற்றைக் கட்டில் அறை. “நான் கட்டில்ல, அவர் ஹால்ல. எக்ஸாம் முடியற வரைக்கும் டிவியே போடல. மேட்ச்சைக்கூட போன்ல சத்தமில்லாமதான் பார்த்தாரு” என்றார். அதுவும் எனக்குத் தெரியாது. டைல்காரனுக்கும் தெரியாது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு என்னுடையது ஞாபகம் வந்தது அப்போதுதான்.

பஸ் ஓட்டப் பழகி முடித்து, நான் முதன்முதல் தனியாக ஓட்டின நாள். டண்டினொங் நிலையத்தில் முதல் ஆளாக ஏறினவன் அவன். கையில் சாப்பாட்டுப் பெட்டி. பயணக் கார்டைத் தட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் இருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன், சும்மா என்றான். கடைசித் தரிப்பில் இறங்கவில்லை. திரும்ப வந்தோம், நிலையத்தில் இறங்கி, கார்டைத் தட்டித் திரும்ப ஏறினான். அன்றைக்கு முழுக்க என் கண்ணாடியில் அவன் தலை தெரிந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் நான் கொஞ்சம் தடுமாறி, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தபோது கண்ணாடியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், போ என்று. நாலு சுற்று. மாலையில் இறங்கும்போது, “நல்லாய் ஓட்டிறாய், போட்டு வாறன்” என்றுவிட்டுப் போனான். அது அவனுடைய லீவு நாள். அந்தக் கிழமையில் அவனுக்கு இருந்த ஒரேயொரு லீவு நாள். இவனுக்கு வேறு வேலை இல்லை போல என்று நான் அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான் சொன்னது அதுதான்.

கடிதம் எழுதினோம். நான் தமிழில் சொன்னதைக் கிளேட்டன்காரர் ஆங்கிலத்தில் அடித்தார். அழகாக்கப் பார்த்தார். வேண்டாம், நான் சொல்வது போலவே அடி என்றேன். சீமெந்துப் பை சீமெந்துப் பையாகவே இருக்கட்டும். அவன் ரிசீவருக்காகச் சொன்ன வார்த்தைகளை நானும் எடுத்துக்கொண்டேன். இந்த மனிதன் தனக்குப் பந்து வராது என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடுகிறவன் என்று எழுதச் சொன்னேன். அமைச்சரின் அலுவலகத்தில் இது விளங்குமா அண்ணே என்று அவர் கேட்டார். விளங்காவிட்டால் போன் எடுத்துக் கேட்கட்டும், என் நம்பர் கீழே இருக்கிறது என்றேன்.

ஆறு மணிபோல மூன்றும் முடிந்தன. குசினியிலிருந்து அவனைக் கூப்பிட்டோம். வெங்காயம் வெட்டின கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். மற்ற இரண்டையும் வாசித்து மேசையில் வைத்தான். என்னுடையதை வாசிக்கும்போது ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினான். அழப்போகிறான் என்று நினைத்தேன்.

“மச்சான், நாலு தரம் இல்லை, மூண்டு தரம். நாலாந்தரம் நான் பாதி வழியிலை இறங்கிட்டன். பிழையாய் எழுதினால் அதிலைதான் பிடிப்பாங்கள்.”

நாலு என்று எனக்கு நல்ல ஞாபகம் என்றேன். நீ பாதி வழியில் இறங்கவே இல்லை என்றேன். அவன் கேட்கவில்லை. சந்தேகம் வருகிற எந்த எண்ணையும் போட வேண்டாம், குறைந்ததைப் போடு என்றான். ஒன்பதும் பத்தும் என்ற கேள்வியை வைத்து நாங்கள் அத்தனை வருடம் சிரித்தோமே, அது அவனிடம் உண்மையில் கேட்ட கேள்வி என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. பந்துகளைப் பற்றி இல்லை என்று அவன்தான் சொன்னான். ஊரில் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்த நாட்களைப் பற்றி. ஒரு நாள் வித்தியாசம். அவன் பொய் சொல்கிறான் என்று எழுதிவிட்டார்கள்.

திருத்தினோம். கையெழுத்துப் போட்டோம். திங்கள் காலை எட்டரைக்கே நான் லோயரின் கதவுக்கு முன்னால் நின்றேன்.

புதன்கிழமை காலை அணியின் பட்டியல் வந்தது. ஐந்து ரிசீவர்கள். ஆறாவது ஆளை வெட்டிவிட்டார்கள், அடுத்த நாள் பயிற்சி அணியில் எடுத்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸில் இருந்து அதைப் பார்த்தேன். ரசிகர் பக்கத்தில் எல்லோரும் சரியான முடிவு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு எழுதக் கைவிரல் போகவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போய் மூன்று கதிரைகளையும் தூக்கி வீதியோரத்தில் போட்டேன். டைல்காரனின் மனைவி இரண்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, கோபமென்றால் உங்கட கதிரையை எறியுங்கோ என்று என்னைப் பேசினா. இப்போது கதிரையில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அவன் மட்டும் இருக்க மாட்டேன் என்கிறான், கிரேட் பழகிவிட்டதாம். நானும் கிரேட்டில்தான் இருக்கிறேன். நாரி பிளக்கிறது, முதுகை நிமிர்த்த முடியவில்லை.

அமைச்சரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. நான் எழுதின கடிதம் எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. யாராவது வாசித்தார்களா என்று தெரியாது. அன்றைக்கு அவன் என் பஸ்ஸில் போனது நாலு சுற்று. என்னை எங்கே நிற்பாட்டிக் கேட்டாலும் நாலு என்றுதான் சொல்வேன். கடிதத்தில் மூன்று என்று இருக்கிறது.